நின்ற பிறகும் ஆடிய வீடு

சனிக்கிழமை போயா, பௌர்ணமி விடுமுறை. மலையில் வேலை இல்லை. ஆனாலும் காலை ஏழு மணிக்கே கூனிமலைத் தோட்டத்துச் சனம் பாதிக்கு மேல், ஸ்டோர் என்று அவர்கள் சொல்லும் தேயிலைத் தொழிற்சாலை முற்றத்தில் கூடிவிட்டது. கோயில் திருவிழாவுக்கே ஒன்பது மணிக்கு முன்னால் தலைகாட்டாத ஆட்கள்கூட, பல் துலக்கிய ஈரம் காயாத வாயோடு வந்து நின்றார்கள். முற்றத்தின் நடுவில் ஒரு வீடு நின்றதுதான் காரணம்.

வீடு என்றால் வீடேதான். வெள்ளைச் சுவர். இரண்டு பக்கமும் ஜன்னல், ஜன்னலுக்குப் பூப்போட்ட திரை. பூட்டிய கதவு, ஏறிப்போக ஒரு படி. குனிந்து அடியில் பார்த்தால்தான் சங்கதி தெரியும். அஸ்திவாரம் இருக்கவேண்டிய இடத்தில் இரண்டு சக்கரங்கள் இருந்தன. கரவன் என்று அதற்குப் பெயர். பதுளை பஜாரில் பாத்திரக்கடை வைத்திருக்கும் ஷப்ராஸ் முதலாளி, கொழும்பில் யாரிடமோ வாங்கி, வேனில் பூட்டி, தெமோதரை வழியாக நேற்று இங்கே இழுத்து வந்திருந்தார். மேல் டிவிஷனுக்கும் மேலே ஒரு புல்வெளி இருக்கிறது. அங்கே நின்றால் எல்ல ஊர்ப் பக்கத்து மலைகள் எல்லாம் வரிசையாகத் தெரியும். அந்த இடத்தில் கரவனை நிறுத்தி வெள்ளைக்காரர்களைத் தங்கவைப்பது அவர் திட்டம். தோட்டக் கம்பனியும் தலையாட்டிவிட்டது. ஆனால் தார் ரோடு ஸ்டோரோடு சரி. அதற்கு மேலே ஐந்து கிலோமீட்டருக்குக் கல்லும் குழியும். நடுவே ஏழு முடக்கு. ஒவ்வொரு முடக்கிலும் ரோடு வந்த வழியைப் பார்த்தே திரும்பி மேலே ஏறும். வேன்காரன் முதல் முடக்குவரை நடந்து போய்ப் பார்த்தான். திரும்பி வந்து கரவனைக் கழற்றிவிட்டு, ஒரு பிளேன்டீகூடக் குடிக்காமல் போய்விட்டான்.

"உள்ள அடுப்பு இருக்காம், படுக்கை இருக்காம், கக்கூசும் இருக்காம்" என்றாள் ஒருத்தி.

"அடுப்பும் கக்கூசும் ஒரே அறையில இருந்தா அது வீடா? அதுக்கு நம்ம லயமே தேவலாம்" என்றாள் நடு லயத்து வரிசை வீடொன்றில் இருக்கும் ரெங்கம்மா. ஐம்பது வயது, கொழுந்து மலையில் நாற்பது பேர் பேச்சையும் தன் ஒருத்தி வாயால் அடக்கிவிடுகிறவள். அவள் தீர்ப்புச் சொன்ன பிறகும் சனம் ஜன்னல் திரையின் இடுக்கு வழியே மாறி மாறிப் பார்த்துக்கொண்டுதான் இருந்தது. ஒருவருக்கும் ஒன்றும் தெரியவில்லை.

கஜேந்திரன் மட்டும் ஜன்னல் பக்கமே போகவில்லை. கீழே குந்தியிருந்து சக்கரத்தைப் பார்த்துக்கொண்டிருந்தான். அவன் பிறவிக்குணம் அது. ஒரு பொருள் எப்படி வேலை செய்கிறது என்று தெரியாவிட்டால் அவனுக்குச் சோறு இறங்காது. டிராக்டர் இழுக்கும் கொழுந்துப் பெட்டிக்கு நாலு சக்கரம். முன்னால் இரண்டு, பின்னால் இரண்டு, எதை எங்கே ஏற்றினாலும் நிற்கும். இதற்கு நட்டநடுவில் இரண்டே இரண்டு. முன்னால் நீண்டிருந்த இழுவைச் சட்டத்தை ஒரு காலால் மிதித்தான். அது இறங்கியது, காலை எடுத்ததும் ஏறியது. பள்ளிக்கூடத்து ஏறுபலகை மாதிரி. இதை டிராக்டரில் பூட்டினால் பாரம் எந்தப் பக்கம் போகும் என்று அவன் மண்டைக்குள் ஒரு கணக்கு ஓடத் தொடங்கிவிட்டது.

"மொதலாளி, உள்ள பாரமா ஏதும் வச்சிருக்கீங்களா?"

"ஒண்டும் இல்ல தம்பி. கட்டில், மேச, அடுப்பு எல்லாம் ஆணியடிச்சுப் பூட்டினது. அசையாது. சாவி என்ட பையில ஈக்கி, ஒருத்தரும் தொறக்க வாணாம். ஒரு கண்ணாடி ஒடஞ்சாக் கொழும்புலயும் தேடி எடுக்க ஏலாது."

பக்கத்தில் ஜீப்பில் சாய்ந்து நின்ற தோட்டத்து மேனேஜர், சனத்துக்குத் துரை, வாயைத் திறந்தார். சிங்களவர், தோட்டத்துக்கு வந்து மூன்று வருடம்தான் என்றாலும் தமிழ் சரளமாகப் பேசுவார். சிரிப்புக்குத்தான் அவரிடம் பஞ்சம்.

"கஜேந்திரன், பதினொரு மணிக்குள்ள மேல வரணும். கீறல் இல்லாமக் கொண்டு வந்தா, திங்கக்கெழமையிலேர்ந்து டெக்டர் ஒனக்கு. இல்லன்னா புல்லு வெட்டுத்தான். வெளங்குதா?"

"வெளங்குதுங்க தொர."

ஜீப் முதலாளியை ஏற்றிக்கொண்டு மலையேறியது.

கஜேந்திரனுக்கு விளங்காமல் என்ன. பதினாறு வருடம் அந்த டிராக்டரில் உட்கார்ந்தவன். பதினொரு மாதமாக அதன் பக்கம் போகவில்லை. போன வருடம் மழை பொய்த்து, மேல் டிவிஷன் பீலியில் தண்ணீர் நூலாக ஒழுகிய சமயம், ஆயிரம் லீட்டர் தாங்கியைப் பெட்டியில் கட்டித் தண்ணீர் கொண்டுபோனான். பவுசர் என்று பெயருக்குச் சொல்வார்கள். ஐந்தாம் முடக்கில் அந்தப் பவுசர் கவிழ்ந்தது. டிராக்டரையும் பாதி இழுத்துக்கொண்டு போய், தேயிலைக்கு நிழலாக நட்ட ஒரு முள்முருங்கை மரம் தடுத்ததால் நின்றது. அவனுடைய இடது தோள்பட்டை எலும்பு முறிந்தது. விசாரணையில், "என்ன நடந்தது?" என்று கேட்டார்கள். "யாரோ பக்கவாட்டுல தள்ளுன மாதிரி இருந்துச்சுங்க" என்றான். கிளாக்கர் ஐயா பேனாவை வைத்துவிட்டுச் சிரித்தார். பிறகு "அதிக வேகம்" என்று எழுதிக் கையெழுத்து வாங்கினார்.

லயத்தில் யாரும் சிரிக்கவில்லை. ஐந்தாம் முடக்கில் முனியாண்டி கல் இருக்கிறது. முனிதான் தள்ளியது என்று ஒரு கிடாய்க்கு நேர்ந்துகொள்ளச் சொன்னார்கள். கஜேந்திரனுக்கு இரண்டு காரணமும் ஒப்பவில்லை. வேகமாகப் போகவில்லை என்று அவனுக்கே தெரியும். முனிக்கும் அவனுக்கும் ஒரு பகையும் இல்லை. பின்னே எது தள்ளியது? பதினொரு மாதமாகப் புல் வெட்டும்போதும், கொழுந்து மூட்டை சுமக்கும்போதும், சோறு தின்னும்போதும் இதே கேள்விதான். விடை தெரியாமல் டிராக்டரில் ஏறினால் இன்னொரு தரம் தள்ளாது என்று என்ன நிச்சயம்? ஆனாலும் ஏறத்தான் வேண்டும். பதுளையிலிருந்து கூலிக்கு வந்த டிரைவர் கரவனைப் பார்த்துவிட்டு, "எனக்குப் புள்ளகுட்டி இருக்கு" என்று நின்றுவிட்டான். கஜேந்திரனுக்கும் பிள்ளைகுட்டி இருக்கிறது. ஆனால் அந்த ஆசனம் இல்லாமல் அவன் பாதி ஆள்தான்.

கட்டை போட ஆள் வேண்டும். செங்குத்தான ரோட்டில் வண்டி நிற்கும்போதெல்லாம் ஓடிவந்து சக்கரத்துக்குப் பின்னால் மரக்கட்டையைச் செருகுகிற வேலை. ஒரு நொடி தப்பினால் வண்டி பின்னால் உருண்டுவிடும். "நான் போடுறேன்" என்று அவன் மனைவி ஜீவராணி முன்னால் வந்தாள். பதினாறு வருடத்தில் அவன் எப்போது பிரேக் பிடிப்பான் என்று அவன் முகத்தைப் பார்த்தே சொல்லக்கூடியவள் அவள் ஒருத்திதான். கட்டையை வாங்க வந்தபோது அவள் சேலையின் ஒரு பக்கம் இடுப்பிலிருந்து நனைந்திருப்பதைக் கஜேந்திரன் பார்த்தான்.

"என்னா புள்ள, விடியக்காலமே நனஞ்சிருக்க?"

"ஸ்டோர்ப் பீலிக்குப் போனேங்க" என்றாள். அவன் அதற்கு மேல் கேட்கவில்லை.

டிராக்டர் உறுமியது. கரவன் ஒரு குலுக்குக் குலுங்கிப் புறப்பட்டது. பின்னாலேயே ஊர்வலம் மாதிரி சனம். சாமி ஊர்வலத்தில்கூட இவ்வளவு கூட்டம் மலையேறியது இல்லை.

முதல் முடக்கில் ஒரே மூச்சில் திரும்ப முடியாது. முன்னால் போய், நிறுத்தி, கட்டை போட்டு, கொஞ்சம் பின்னால் ஒடித்து, மறுபடி முன்னால் போகவேண்டும். மூன்று தரம் அப்படிச் செய்து திரும்பினார்கள். கஜேந்திரன் கழுத்தைத் திருப்பிக்கொண்டே ஓட்டினான். ஏதோ சரியில்லை. ஏற்றத்தில் போகும்போது பின்னால் கொக்கி 'டக்' என்று மேலே இடித்தது. பின்னால் பூட்டிய பாரம் கொக்கியைக் கீழே அழுத்தவேண்டும். இது கொக்கியை மேலே தூக்கப் பார்க்கிறது. ஆணியடித்துப் பூட்டிய கட்டிலும் மேசையும் ஏன் தூக்கவேண்டும்?

இரண்டாம் முடக்கில் இடி இன்னும் பலமாகக் கேட்டது. கரவன் பள்ளத்துப் பக்கம் ஒரு சாய்வு சாய்ந்து, யோசித்துப் பார்த்துவிட்டு நிமிர்ந்தது.

மூன்றாம் முடக்கு நடு லயத்தை ஒட்டியது. ரோடு கொஞ்சம் அகலம். கஜேந்திரன் பிரேக்கை மிதித்தான். ஜீவராணி ஓடிவந்து கட்டையைச் செருகினாள். டிராக்டர் நின்றது. கரவனும் நின்றது. ஆனால் நின்ற பிறகு ஆடியது. பள்ளத்துப் பக்கம் ஒரு தரம், மலைப் பக்கம் ஒரு தரம், மறுபடி பள்ளத்துப் பக்கம்.

சனம் அப்படியே நின்றுவிட்டது.

"உள்ள ஆளு இருக்கு" என்றான் ஒருவன் மெதுவாக.

"ஆளுன்னா? மொதலாளி ஒரு வெள்ளக்காரனத் தூங்க வச்சுக் கொண்டுவந்திருக்காரு" என்றாள் ரெங்கம்மா. "பாவம், பொரண்டு படுக்கிறான்."

சிரிப்பு எழுந்தது. ஆனால் கதவைத் தட்டிப் பார்க்க நாலு பேர் போனார்கள். தட்டினார்கள், "ஹலோ" என்றார்கள், "சேர்" என்றார்கள். பதில் இல்லை. கஜேந்திரன் இறங்கி வந்து கரவனின் பின்பக்கச் சுவரில் காதை வைத்தான். எல்லாரையும் பேசாமல் இருக்கச் சொல்லிவிட்டு உள்ளங்கையால் சுவரை ஒரு தள்ளுத் தள்ளினான். கரவன் சாய்ந்து நிமிர்ந்தது. ஒரு மூச்சு விடுகிற நேரம் கழித்து, யாரும் தொடாமலே, இன்னொரு தரம் சாய்ந்தது.

அந்த இரண்டாவது சாய்வுதான் அவனைப் பிடித்துக்கொண்டது. மறுபடி தள்ளிப் பார்த்தான். மறுபடி அதே கதை. கட்டில் என்றால் ஆடாது. அவிழ்ந்த கட்டில் என்றால் ஒரு தரம் இடித்துவிட்டுக் கிடக்கும். இது போய்விட்டுத் திரும்பி வருகிறது. உள்ளே இருப்பது எதுவோ, அதற்கு நடமாட்டம் இருக்கிறது.

"என்னங்க, மணியாகுது. இழுத்துக்கிட்டுப் போயிருவோம்" என்றாள் ஜீவராணி.

"இரு புள்ள. இது என்னான்னு தெரியாம நான் அஞ்சாம் முடக்குக்கு ஏற மாட்டேன்."

அவன் குனிந்து அடியில் புகுந்தான். பின்பக்க அடித்தட்டில் ஒரு சின்னக் குழாய் தொங்கிக்கொண்டிருந்தது. அதன் முனையில் ஒரு சொட்டு திரண்டது, விழுந்தது. இன்னொரு சொட்டு திரண்டது. மஞ்சள் நிறம்.

பக்கத்தில் குனிந்து பார்த்த ரெங்கம்மா, "வெள்ளக்காரன் முழிச்சுக்கிட்டான்" என்றாள்.

இந்தத் தடவை சிரிப்பு மலையை எட்டித் திரும்பி வந்தது. கஜேந்திரனுக்கும் சிரிப்பு வந்தது. வந்தாலும் அடுத்த சொட்டை விரலில் ஏந்தி மூக்கருகே கொண்டுபோனான். "சீச்சீ" என்று நாலு பேர் முகம் சுளித்தார்கள். அவன் மோந்து பார்த்தான். மறுபடியும் மோந்து பார்த்தான். பூசை அறை வாசனை. மஞ்சள்தூள். தண்ணீரில் கரைத்த மஞ்சள்தூள்.

தலையைத் தூக்கி ஜீவராணியைப் பார்த்தான். அவள் கட்டையைப் பிடித்தபடி, நனைந்து காய்ந்த தன் சேலையைப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

"எத்தன கொடம்?" என்றான்.

"ஆறு" என்றாள். குரல் கீழே இறங்கிவிட்டது. "நேத்து அந்திக்கு மொதலாளியோட ஆளு இதத் தொடச்சிக்கிட்டு இருந்தாரு. செவுத்துல சின்ன மூடி ஒன்னு இருந்துச்சு. என்னான்னு கேட்டேன். தண்ணி ஊத்துற எடம், கட்டிலுக்கு அடியில தாங்கி இருக்குன்னாரு. புது வீடு. நெறகொடம் இல்லாம எந்த வீடு போகும்? வெறுமையா மலையேறக் கூடாதுன்னு விடியக்காலமே ஊத்துனேன். கொடத்துக்கு ஒரு கை மஞ்சளும் போட்டேன். ஒங்களுக்கு நல்லது நடக்கணும்னுதாங்க."

கூட்டத்தில் யாரும் அவளைக் குறை சொல்லவில்லை. நிறைகுடம் இல்லாமல் புது வீட்டுக்குள் யார்தான் காலை வைப்பார்கள்? அது சக்கரத்தில் போகிற வீடு என்பதும், குடம் கட்டிலுக்கு அடியில் போய் உட்காரும் என்பதும் வேறு விஷயம்.

கஜேந்திரனுக்குக் கோபம் வந்தது உண்மை. கொக்கியைத் தூக்கியது எது என்று இப்போது தெளிவாகிவிட்டது. சக்கரத்துக்குப் பின்னால் எழுபது, எண்பது கிலோ தண்ணீர். ஏறுபலகையின் அந்தப் பக்கம் ஒரு ஆள் உட்கார்ந்த மாதிரி. இன்னும் இரண்டு முடக்கு ஏறியிருந்தால் கதை கந்தலாகியிருக்கும். ஆனால் வாயில் வந்த திட்டு வெளியே வரவில்லை. அதற்கு முன்னால் இன்னொரு கேள்வி வந்து குறுக்கே நின்றது.

"ஆறு கொடத்தோட நெறஞ்சு வழிஞ்சுதா?"

"இல்லங்க. இன்னும் ஆறு கொடம் புடிச்சிருக்கும். ஊத்தயில உள்ள தளதளன்னு சத்தம் கேட்டுச்சு."

"அப்ப பாதி" என்றான் கஜேந்திரன்.

அப்படியே ரோட்டோரத்துக் கல்லில் உட்கார்ந்துவிட்டான். ஜீவராணி பயந்துபோனாள். அவன் கையை நீட்டி அவளுடைய தண்ணீர்ப் போத்தலைக் கேட்டான். குடிக்கவில்லை. போத்தல் கழுத்துவரை நிறைந்திருந்தது. அதைப் படுக்கையாகப் பிடித்து இடமும் வலமும் சாய்த்தான். தண்ணீர் அசையவில்லை. போவதற்கு அதற்கு இடம் இல்லை. மூடியைத் திறந்து பாதியைக் கீழே ஊற்றினான். மறுபடி படுக்கையாகப் பிடித்துச் சாய்த்தான். தண்ணீர் முழுவதும் ஒரு பக்கம் ஓடி மோதியது. போத்தலை நிறுத்திய பிறகும் போய்ப் போய் வந்தது. அவன் கட்டைவிரலில் அந்த இடி தெரிந்தது.

சின்னதுதான். ஆனால் பக்கவாட்டில் யாரோ தள்ளுகிற மாதிரி.

பதினொரு மாதம் முன்னால், பவுசரை ஸ்டோர்த் தாங்கியில் வாய்வரை நிரப்பிக்கொண்டுதான் புறப்பட்டான். இதே மூன்றாம் முடக்கில், இதே நடு லயத்துக்கு முன்னால், வாளியும் குடமுமாகப் பெண்கள் ரோட்டை மறித்து நின்றார்கள். முதல் வாளி ரெங்கம்மாவுடையது. அவர்கள் பீலியும் வற்றிக் கிடந்தது. தண்ணீர் மேல் டிவிஷனுக்கு மட்டும் என்பது உத்தரவு. உத்தரவைப் பார்த்தால் பிள்ளைகளின் வாய் நனையுமா? குழாயைத் திறந்துவிட்டான். பாதித் தண்ணீர் போனது. பாரம் குறைந்ததில் டிராக்டர் லேசாக ஏறும் என்று அவன் சந்தோஷப்பட்டதுகூட இப்போது நினைவுக்கு வந்தது. பாரம் குறைந்தால் நல்லதுதானே. யாரைக் கேட்டாலும் அப்படித்தான் சொல்வார்கள். அதனால்தான் பதினொரு மாதமாக எல்லாவற்றையும் சந்தேகப்பட்டவன் அந்தப் பாதித் தண்ணீரை மட்டும் சந்தேகப்படவில்லை. விசாரணையிலும் சொல்லவில்லை. சொன்னால் நடு லயத்துக்காரர்களுக்குக் கரைச்சல் வரும், அதற்கும் வண்டி கவிழ்ந்ததற்கும் என்ன சம்பந்தம் என்று விட்டுவிட்டான்.

"முனியும் இல்ல, வேகமும் இல்ல" என்றான். பிறகு ஒருவரையும் பாராமல், "பாதித் தண்ணி" என்றான்.

ஜீவராணிக்கு உடனே புரியவில்லை. ரெங்கம்மாவுக்குப் புரிந்துவிட்டது. அவள் போத்தலையே பார்த்துக்கொண்டு நின்றாள். அன்றைக்கு முழுவதும் அவள் வாயிலிருந்து அதற்குப் பிறகு ஒரு கேலியும் வரவில்லை.

தண்ணீரை வெளியேற்றவேண்டும். அடியில் ஒரு திருகு இருந்தது. அவன் கையை வைத்தபோது ஜீவராணி தடுத்தாள்.

"நெறகொடத்த ரோட்டுல கொட்டுறதாங்க? அதுவும் அஞ்சாம் முடக்குக்குப் போக முந்தி?"

கஜேந்திரனுக்கு அதில் நம்பிக்கை உண்டா இல்லையா என்று அவனுக்கே தெரியாது. ஆனால் அவள் முகத்தைப் பார்த்து, கொட்டத்தான் செய்வேன் என்று சொல்ல அவனால் முடியவில்லை. "வாளி கொண்டு வாங்க" என்று நடு லயத்தைப் பார்த்துச் சத்தம் போட்டான். "குடிக்கிறதுக்கு ஒதவாது, துணி தொவைக்கலாம்." வாளிகள் வந்தன. மஞ்சள் தண்ணீர் ஒரு சொட்டும் தரையில் விழாமல் வாளி வாளியாக இறங்கியது. கடைசியில் ஜீவராணி லயத்தில் ஒரு பித்தளைக் குடம் இரவல் வாங்கி, விளிம்புவரை பிடித்து இடுப்பில் வைத்துக்கொண்டாள்.

"இது வீட்டோட வரட்டும். நான் நடந்தே தூக்கிட்டு வாறேன். வழியாமக் கொண்டு வாறேன்."

"அப்ப கட்டை?"

"நான் போடுறேன்" என்று ரெங்கம்மா அதைத் தூக்கிக்கொண்டாள்.

நாலாம் முடக்கில் கொக்கி இடிக்கவில்லை. கஜேந்திரன் அந்த இடி வருமா வருமா என்று காதைக் கொடுத்துக்கொண்டே போனான். வரவில்லை. ஐந்தாம் முடக்கில் அந்த முள்முருங்கை மரம் ஒருபுறம் தோல் உரிந்தபடி நின்றது. முனியாண்டி கல்லில் யாரோ வைத்த பூ வாடிக் கிடந்தது. அவன் வேகத்தைக் குறைக்கவுமில்லை, கூட்டவுமில்லை. முன்னால் போய், நிறுத்தி, பின்னால் ஒடித்து, முன்னால் போனான். ஒரு கையும் தள்ளவில்லை. அந்த இடத்தைத் தாண்டிய பிறகு அவன் கண்ணில் தண்ணீர் வந்தது. வெயில் என்று சொல்லிக்கொள்ள வசதியாக எதிரே வெயில் இருந்தது.

உச்சிக்கு வந்தபோது மணி பன்னிரண்டேகால். ஷப்ராஸ் முதலாளி கரவனை மூன்று சுற்றுச் சுற்றி வந்தார். விரலால் தடவிப் பார்த்தார். கீறல் இல்லை. சந்தோஷத்தில் சாவியை எடுத்துக் கதவைத் திறந்து, "வாங்க, பாருங்க" என்று சனத்தைக் கூப்பிட்டார். முதலில் ஜீவராணி குடத்தோடு படியேறினாள். முதலாளிக்கு விஷயம் விளங்கவில்லை. ஆனாலும் ஒரு பெண் நிறைந்த குடத்தோடு தன் வாசலில் நிற்பது நல்லதற்குத்தான் என்பது அவருக்கும் தெரிந்திருந்தது. ஒதுங்கி வழிவிட்டார். பின்னால் வந்தவர்கள் அடுப்பைப் பார்த்தார்கள், மடக்குக் கட்டிலைப் பார்த்தார்கள், கதவுக்குப் பின்னால் ஒளிந்திருந்த கக்கூசைப் பார்த்து அடக்கமாட்டாமல் சிரித்தார்கள்.

துரை கைமணிக்கூட்டைக் காட்டினார். "ஏன் இவ்வளவு நேரம்?"

மூன்றாம் முடக்கில் ரோடு மோசம் என்று ஒரு வார்த்தை சொன்னால் போதும். கீறல் இல்லை, ஆசனம் கைக்கு வந்துவிட்டது. கஜேந்திரன் அந்த வார்த்தையை நாக்குவரை கொண்டுவந்தான். ஆனால் பதினொரு மாதம் தேடிக் கண்டுபிடித்த ஒன்றை வாய்க்குள் வைத்துக்கொள்ள அவனால் முடியவில்லை. இனிமேல் பவுசர் ஓட்டுகிற எவனும் ஒருநாள் யாருக்காவது பாதித் தண்ணீர் கொடுப்பான். கொடுக்காமல் எப்படி மேலே வருவான்?

"தொர, போன வருசம் பவுசர் கவுந்தது வேகத்தால இல்லைங்க" என்றான். போத்தலை எடுத்தான். பாதியாக்கியது அப்படியே இருந்தது. படுக்கையாகப் பிடித்துச் சாய்த்துக் காட்டினான். "அன்னைக்கு நான் பாதித் தண்ணிய நடு லயத்துல குடுத்துட்டேன். ஒத்தரவு இல்லாம. விசாரணையில அதச் சொல்லல. மிச்சப் பாதிதான் வண்டியத் தள்ளுனுச்சு. தப்பு என்னோடதுதான்."

துரையின் முகம் இறுகியது. "உத்தரவு இல்லாமக் குடுத்தியா?"

"அவரு குடுக்கலங்க தொர" என்று கட்டையைக் கையில் பிடித்தபடியே ரெங்கம்மா முன்னால் வந்தாள். "நாங்கதான் ரோட்ட மறிச்சோம். மொத வாளி என்னோடது. விசாரணையில வந்து சொல்லியிருக்கணும், பயந்துக்கிட்டுச் சொல்லாம இருந்துட்டோம். இவரு கையில கட்டுப் போட்டுக்கிட்டுப் புல்லு வெட்டுனத பாத்துக்கிட்டே இருந்தோம்." அவளுடைய பெரிய குரல் கடைசி வார்த்தையில் உடைந்துவிட்டது.

துரை போத்தலைக் கஜேந்திரன் கையிலிருந்து வாங்கினார். சாய்த்தார். நிறுத்தினார். நின்ற பிறகும் தண்ணீர் போய் வருவதைப் பார்த்தார். சின்னப் பிள்ளைபோல இன்னொரு தரம் சாய்த்துப் பார்த்தார். அவர் முகத்தில் கோபம் இருந்த இடத்தில் வேறு ஏதோ வந்து உட்கார்ந்தது.

"மறுபடி மறிச்சா என்ன செய்வ?" என்று கேட்டார்.

கஜேந்திரன் வழியெல்லாம் அதைத்தான் யோசித்துக்கொண்டு வந்திருந்தான்.

"பாதி குடுக்க மாட்டேங்க."

துரை போத்தலைத் திருப்பிக் கொடுத்தார். டிராக்டர்ச் சாவி ஏற்கெனவே கஜேந்திரன் சட்டைப் பையில்தான் இருந்தது. அவர் அதைக் கேட்கவில்லை. ஜீப்பில் ஏறும்போது, "திங்கக்கெழம மொத வேல தண்ணி" என்று மட்டும் சொல்லிவிட்டுப் போனார்.

இந்த வருடமும் மேலே பீலிகள் வற்றத் தொடங்கியிருந்தன. திங்கட்கிழமை காலை பவுசர் வாய்வரை நிறைந்து மலையேறியது. மூன்றாம் முடக்கில் ரோடு வெறுமையாக இருந்தது. நடு லயத்துப் பெண்கள் வாளிகளைப் பின்னால் மறைத்துக்கொண்டு வாசலில் நின்றார்கள். ஒருத்தியும் மறிக்கவில்லை. ரெங்கம்மா வேறு பக்கம் பார்த்துக்கொண்டிருந்தாள்.

கஜேந்திரன் தானே நிறுத்தினான். இறங்கிக் கட்டையைப் போட்டான். பிறகு குழாயை முழுவதும் திறந்துவிட்டான்.

"என்னாத்தப் பாத்துக்கிட்டு நிக்கிறீங்க? பாதி எடுத்தாத்தான் வில்லங்கம். ஒரு சொட்டு மிச்சம் வைக்காம அம்புட்டையும் எடுங்க. நான் கீழ போயி மேல் டிவிஷனுக்கு வேற நெரப்பிக்கிட்டு வாறேன்."

வாளிகள் வெளியே வந்தன. தாங்கி காலியானதும் அவன் விரலை மடக்கி அதைத் தட்டிப் பார்த்தான். பிறகு வண்டியைத் திருப்பினான். காலிப் பவுசர் தடதடவென்று சத்தம் போட்டுக்கொண்டே அவன் பின்னால் கீழே இறங்கியது.